ஃபார்மட் போடறதுக்கு முன்னாடி ரெண்டே எழுத்து

டிஸ்கி மொதல்லயே: இது பொட்டி தட்டற பதிவு. நடுவுல கொஞ்சம் சொந்தக் கதை, சோகக் கதையும் வரும். கட்டளைகளை எல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன். வாய்விட்டுப் படிச்சா என்ன தட்டணும்னு தெரிஞ்சுரும். போன்ல சொல்றப்ப அப்படித்தானே சொல்றோம்?

என்கிட்ட விஷன்ஃபைவ் 2 ன்னு ஒரு சின்ன போர்டு இருக்கு. ரிஸ்க்-ஃபைவ் சிப்பு போட்டது. (நம்ம ஐஐடி மெட்ராஸோட சக்தி ப்ராசஸரும் இதே குடும்பம்தான்.) உள்ளங்கை அகலம். அடிப்பக்கம் எஸ்எஸ்டி சொருகறதுக்கு ஒரு எம்.2 ஸ்லாட்டு. வீட்ல இதுக்கு வச்ச பேரு "அந்த பச்சை சனியன்". ஞாயித்துக்கெழமை ஆனா சீரியல் கேபிளை மாட்டிக்கிட்டு நான் அதோட உக்காந்துருவேன். கரண்ட் குடுத்ததும் ரெண்டு செகண்டு டைம் தரும், அதுக்குள்ள ஏதாவது ஒரு பொத்தானைத் தட்டினா லினக்ஸுக்குப் போகாம யூ-பூட்லயே நின்னுக்கும். யூ-பூட்ங்கறது பூட்லோடர். பொட்டி கண்ணு முழிக்கறதுக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எந்திரிக்கறதுக்கும் நடுவுல இருக்கற வாசப்படி. வோல்ஃப்காங் டெங்க்னு ஒரு ஜெர்மன்காரர் ஆரம்பிச்சது. அவங்க ஊர்ல நீர்மூழ்கிக் கப்பலை அப்படித்தான் சொல்லுவாங்க. மனுஷன் 2022-ல காலமாயிட்டார். அவர் வச்ச வாசப்படிய தாண்டித்தான் உலகத்துல எத்தனையோ மோடமும் போர்டும் தெனம் எந்திரிக்குது.

அதுல நின்னுக்கிட்டு மொதல்ல "பிசிஐ இனம்" (இனம்னா நம்ம இனம் இல்ல, இ-என்-யூ-எம்), அப்புறம் "என்விஎம்இ ஸ்கேன்"னு தட்டணும். எஸ்எஸ்டி இருக்கான்னு தேடிப் பாக்கும். "என்விஎம்இ இன்ஃபோ"ன்னா கம்பெனி, மாடல், எத்தனை ஜிபி எல்லாம் சொல்லும். அதுல ஒரு தமாசு, சுத்தற தட்டே இல்லாத அந்த எஸ்எஸ்டிய "வகை: ஹார்டு டிஸ்க்"னு எழுதிக் காட்டும். பழைய தாத்தா புது பேரனை செத்துப்போன பெரியவர் பேரச் சொல்லிக் கூப்புடற மாதிரி. "என்விஎம்இ பார்ட்"னா எத்தனை பார்ட்டிஷன்னு பட்டியல். "எல்எஸ் என்விஎம்இ 0:2"ன்னு தட்டி ஒரு இடைவெளி விட்டு ஒரு சாய்வுக்கோடு போட்டா ரெண்டாவது பார்ட்டிஷன்ல இருக்கற ஃபோல்டர் எல்லாம் வரிசையா வந்து நிக்கும். லினக்ஸும் இல்ல, விண்டோஸும் இல்ல, மவுஸும் இல்ல. எஸ்எஸ்டியும் நானும் மட்டும். எனக்கு அதுல ஒரு சந்தோஷம். என்ன பிரயோசனம்னு கேட்டா சொல்லத் தெரியாது.

ரெண்டு வருசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழமை சரியா அந்த எல்எஸ்ஸைத் தட்டிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தப்பதான் கம்பத்துல இருந்து போன்.

பெரியம்மா மகன், எனக்கு அண்ணன். சுருளிப்பட்டி ரோட்டுப் பக்கம் திராட்சத் தோட்டம். (பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கெடச்சதும் மொத ஆளா எனக்குப் போன் போட்டவர் அவர்தான்.) பேசினது அவர் இல்ல, சின்னவன், காலேஜ் படிக்கறவன்.

"சித்தப்பா, லேப்டாப் ஆன் பண்ணா கருப்பா வருது. க்ரப்புன்னு போட்டு பக்கத்துல ஒரு அம்புக்குறி. வேற ஒன்னும் வரல."

"என்னடா பண்ணுன?"

"ஒன்னும் பண்ணல சித்தப்பா."

கம்ப்யூட்டர் வரலாற்றுலயே அதிகமா சொல்லப்பட்ட பொய் இதான்னு நெனைக்கிறேன். நோண்டிக் கேட்டா, காலேஜுக்காக உபுண்டு போட்டு வச்சிருந்தானாம். செமஸ்டர் முடிஞ்சிருச்சு. 256 ஜிபி எஸ்எஸ்டில 60 ஜிபி வெட்டியா கெடக்கேன்னு விண்டோஸ்ல இருந்தே அந்தப் பார்ட்டிஷனைத் தூக்கிட்டான். ரீஸ்டார்ட் பண்ணான். கருப்பு.

என் கண்ணு பச்சை போர்டு ஸ்க்ரீன்லதான். "கடைல குடுத்து ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏத்தச் சொல்லுடா. ஃபைல் ஏதாவது வேணும்னா அப்புறம் கொண்டா, நான் எடுத்துத் தரேன்"னு சொல்லி வச்சுட்டேன்.

அவ்வளவு தெனாவட்டா ஏன் சொன்னேன்னா, அதுக்கு ஒரு முன்கதை இருக்கு. 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் திட்டம் ஞாபகம் இருக்குல்ல? மொத வருசப் பொட்டிகள்ல 320 ஜிபி ஹார்டு டிஸ்க்கு, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் ஒரு பக்கம், சி-டாக் சென்னைக்காரங்க செஞ்ச பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம். ஆன் பண்ணதும் எது வேணும்னு கேக்கற அந்த மெனு இருக்கே, அதான் க்ரப். லட்சக்கணக்கான தமிழ்ப் புள்ளைங்க அது பேரு தெரியாமலே தெனம் காலைல பாத்த மொகம். அதே கம்பத்து வீட்ல பெரியவளுக்கு அப்படி ஒரு பொட்டி வந்துச்சு. ஒருநா கடைல ஃபார்மட் பண்ணிட்டாங்க, போட்டோ எல்லாம் போச்சுன்னு மதினி அழுதாங்க. நான் ஒரு ராத்திரி ஃபோட்டோரெக்கை ஓடவிட்டு ஆயிரத்துச் சொச்சம் போட்டோவ மீட்டுக் குடுத்தேன். பேரெல்லாம் போயிருந்துச்சு, படம் அத்தனையும் இருந்துச்சு. மதினி ஆட்டுக்கால் கொழம்பு வச்சாங்க. அன்னைல இருந்து சொந்தக்காரங்க மத்தியில நான் "போனதைக் கொண்டாற ஆளு".

இந்தத் தடவையும் கொண்டு வந்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு, அண்ணனே பஸ் ஏறி தேனிக்கு வந்தாரு. தோட்டத்துக் கணக்கு ஆறு வருசத்துது, அது பரவால்ல, நோட்டுலயும் கொஞ்சம் இருக்கு. ஆனா பெரியம்மா பேசற வீடியோ எல்லாம் அதுலதான். பெரியம்மா போயி ஒரு வருசம் கூட ஆகல. பழைய போனை எக்ஸ்சேஞ்சுல குடுக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பத்திரமா லேப்டாப்புல போட்டு வச்சிருந்தாங்களாம். பத்திரமா.

ராத்திரி பூரா ஓடுச்சு. காலைல பாத்தா, புதுசா ஏத்துன விண்டோஸோட சொந்த ஃபைலுங்க, வால்பேப்பரு, ஐகானு. அவங்களோடது ஒன்னு கூட இல்ல. எஸ்எஸ்டிய நேராத் தொறந்து பாத்தேன். பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம்.

ஏன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அந்த போன்ல அப்படிச் சொன்னேன், அதான் கொடுமை. ஹார்டு டிஸ்க்கை மேலோட்டமா ஃபார்மட் பண்ணா, அது வீட்டு வாசல்ல இருக்கற பேர்ப்பலகைய மட்டும்தான் கழட்டும். உள்ள சாமானெல்லாம் அப்படியே இருக்கும், அடுத்தாள் குடிவந்து அந்த எடத்துல வேற சாமான் வைக்கற வரைக்கும். எஸ்எஸ்டி அப்படி இல்ல. ஃப்ளாஷ் மெமரில எழுதுன எடத்துல நேரா மறுபடி எழுத முடியாது, பெரிய பெரிய கட்டமா அழிச்சுட்டுத்தான் எழுதணும். அதனால "இந்த எடமெல்லாம் இனி வேண்டாதது, நேரம் கெடைக்கறப்ப அழிச்சு வச்சுக்கோ"ன்னு ஆப்பரேட்டிங் சிஸ்டம் முன்கூட்டியே சொல்லிரும். அதுக்குப் பேரு ட்ரிம். விண்டோஸ் 7-ல இருந்தே உண்டு. விண்டோஸ் ஃபார்மட் பண்ணாலும் சரி, லினக்ஸ்ல இஎக்ஸ்டி4 போட்டாலும் சரி, மொத்த எடத்துக்கும் சேத்து அந்தச் சேதி போயிரும். அப்புறம் அந்த எடத்தப் படிக்கக் கேட்டா பெரும்பாலும் வெறும் பூஜ்ஜியம்தான் திரும்பி வரும். எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் ஒன்னும் நடக்காது. நான் சொன்னது ஹார்டு டிஸ்க் காலத்து யோசனை. பொட்டிக்குள்ள இருந்தது எஸ்எஸ்டி.

இதுல இன்னொன்னு. சின்னவன் தூக்குனது உபுண்டு பார்ட்டிஷனை மட்டும்தான். விண்டோஸ், கணக்கு, பெரியம்மா எல்லாம் அவன் எனக்குப் போன் பண்ண நிமிசம் வரைக்கும் முழுசா இருந்துச்சு. க்ரப்போட மெனு ஃபைல் உபுண்டு பக்கம் இருந்ததால, அது காணாமப் போனதும் க்ரப் முழிச்சுக்கிட்டு நின்னுச்சு, அவ்வளவுதான்.

கடைக்காரரைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவர் "பேக்கப் வேணுமா"ன்னு கேட்டிருக்காரு. "சித்தப்பா எடுத்துக் குடுத்துருவாங்க"ன்னு இவன் சொல்லியிருக்கான்.

அன்னிக்கு போன்ல நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். எல், எஸ். ரெண்டு எழுத்து, சின்ன எழுத்து, அப்புறம் என்டர். அது எதையும் எழுதாது, அழிக்காது. இருக்கறதைக் காட்டும். பிராக்கெட்டுக்குள்ள எச்டி0, எச்டி0 கமா ஜிபிடி1, ஜிபிடி2 ன்னு வரிசையா வந்தா, எஸ்எஸ்டி உசுரோட இருக்கு, பார்ட்டிஷன் பட்டியலும் இருக்குன்னு அர்த்தம். அடுத்து, எல்எஸ் போட்டு ஒரு இடைவெளி விட்டு, பிராக்கெட்டுல எச்டி0 கமா ஜிபிடி1, பிராக்கெட்டை மூடி சாய்வுக்கோடு இஎஃப்ஐ சாய்வுக்கோடு. மைக்ரோசாஃப்ட்னு ஒரு ஃபோல்டர் தெரிஞ்சா விண்டோஸைக் கெளப்பற சாவி அங்கதான் இருக்கு. அதுக்கப்புறம் "எக்ஸிட்"னு தட்டினாலே பல பொட்டிகள் அடுத்த வழியாப் போயி விண்டோஸைத் தொறந்துரும். இல்லாட்டி ஆன் பண்றப்ப பூட் மெனுவுக்குப் போயி விண்டோஸ் பூட் மேனேஜர்னு இருக்கறதைத் தேர்ந்தெடுத்தாப் போதும். அஞ்சு நிமிச வேலை. போன்லயே முடிஞ்சிருக்கும்.

இந்தப் பேரு விசயத்துல கொஞ்சம் கொழப்பம் வரும், அதையும் சொல்லிடறேன். ஒரே பார்ட்டிஷனுக்கு ஆளுக்கொரு பேரு வச்சிருக்காங்க. க்ரப்புல எச்டி0 கமா ஜிபிடி2. யூ-பூட்ல என்விஎம்இ 0:2. லினக்ஸ்ல என்விஎம்இ0 என்1 பி2, சேத்து எழுதணும். டிஸ்க்கு சைபர்ல இருந்து எண்ணும், பார்ட்டிஷன் ஒன்னுல இருந்து எண்ணும். (பழைய க்ரப்ல பார்ட்டிஷனும் சைபர்லதான் ஆரம்பிக்கும். அந்தக் காலத்துக் குறிப்பைப் பாத்து இப்பத் தட்டினா அடுத்த வீட்டுக் கதவைத் தட்டின மாதிரி ஆயிரும்.) பென்டிரைவ் சொருகியிருந்தா அதுவே எச்டி0 ஆகி எஸ்எஸ்டி எச்டி1-க்குத் தள்ளிப் போகவும் வாய்ப்புண்டு. அதனால மனப்பாடம் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் எல்எஸ் போட்டுப் பாருங்க. "தெரியாத ஃபைல் சிஸ்டம்"னு சொன்னாலும் பதற வேண்டாம். சில க்ரப்புகளுக்கு விண்டோஸோட என்டிஎஃப்எஸ் படிக்கத் தெரியாது. பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லும். தெரியாதுன்னா தெரியாதுதான், இல்லைன்னு அர்த்தம் இல்ல.

எல்எஸ்ல எஸ்எஸ்டியே வரலைன்னாலும் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டக்கூடாது. போடில ஏலக்கா யாவாரம் பாக்கற நண்பர் ஒருத்தர், பழைய டெஸ்க்டாப்புல அடாப்டர் கார்டு போட்டு என்விஎம்இ எஸ்எஸ்டி சொருகிட்டு "காட்டவே மாட்டேங்குது, டூப்ளிகேட் போல"ன்னு தூக்கிப் போடப் போனாரு. யூ-பூட்டுக்கு 2017-ல இருந்து சொந்தமாவே என்விஎம்இ டிரைவர் இருக்கு. க்ரப்புக்குக் கெடையாது. அது பயாஸ் எதைக் காட்டுதோ அதைத்தான் பாக்கும். பயாஸ் பழசுன்னா ரெண்டுக்குமே தெரியாது. ஆனா லினக்ஸ் கெர்னலுக்கு 2012-ல வந்த 3.3 பதிப்புல இருந்தே தெரியும். பூட் ஃபோல்டரை மட்டும் பழைய ஹார்டு டிஸ்க்குல வச்சு, மிச்சத்தை எல்லாம் எஸ்எஸ்டில வச்சோம். இன்னிக்கும் அந்தப் பொட்டி ஓடுது.

"லைவ் பென்டிரைவ் போட்டு ஏத்துனா எல்லாம் அழகா மவுஸ்லயே பாத்துக்கலாமே, இந்தக் கருப்புத் திரைல என்ன வீரம்?"னு கேப்பீங்க. ஃபைலை வெளிய எடுக்கறதுக்கு அதான் சரியான வழி, நானே அதான் செய்வேன். ஆனா ஞாயித்துக்கெழமை சாயங்காலம் கம்பத்துல ஒரு காலேஜுப் பையன் கைல லைவ் பென்டிரைவ் இருக்காது. அதச் செய்யறதுக்கு இன்னொரு பொட்டி வேணும். அந்தக் கருப்புத் திரை ஏற்கனவே அவன் கண்ணு முன்னாடி இருக்கு, காசு கெடையாது, நெட் வேண்டாம். உள்ள சரக்கு இருக்கா இல்லையாங்கற ஒரே ஒரு கேள்விக்கு அது பதில் சொல்லிரும். இருக்குன்னு தெரிஞ்சவன் ஃபார்மட்டுக்கு ஒத்துக்க மாட்டான்.

"பேக்கப் எடுத்திருந்தா இந்தப் பேச்சே இல்ல"ங்கறதும் நெசம். நெசம்தான். என் அண்ணனைப் பொறுத்தவரைக்கும் போன்ல இருந்து லேப்டாப்புக்கு மாத்துனதே பேக்கப்புதான். அவர்கிட்டப் போயி 3-2-1 விதின்னு பேச எனக்கு வாய் வரல.

எல்லாக் கட்டளையும் எல்எஸ் மாதிரி சாது இல்ல. யூ-பூட்ல "என்விஎம்இ ரைட்"னு ஒன்னு இருக்கு. பார்ட்டிஷன், ஃபைல் எதையும் மதிக்காம நீங்க சொன்ன கட்டத்துல நேரா எழுதிரும், "நிச்சயமா?"ன்னு ஒரு வார்த்தை கேக்காது. பத்தாக்கொறைக்கு அங்க எண்ணெல்லாம் பதினாறு அடிமானம். நீங்க 10 ன்னு போட்டா அது 16 ன்னு எடுத்துக்கும். என் போர்டுல நானே ஒரு தடவை பார்ட்டிஷன் பட்டியல் மேல எழுதித் தொலைச்சேன். (அவ்வ்வ்...) அதனால நெட்ல எவனோ எழுதுன வரிய அப்படியே தட்டாதீங்க. நான் எழுதுனதையும்தான். பாக்கற கட்டளை எது, எழுதற கட்டளை எதுன்னு பிரிச்சுத் தெரிஞ்சா மட்டும் அடுத்த படி.

இதை இப்ப ஏன் எழுதறேன்னா, 2025-26 பட்ஜெட்ல 20 லட்சம் காலேஜ் புள்ளைங்களுக்கு ரெண்டு வருசத்துல லேப்டாப்புன்னு அறிவிச்சாங்க. எல்காட் விட்ட டெண்டர்ல போட்டிருந்தது 256 ஜிபி எஸ்எஸ்டி. நல்ல விசயம், வேகமா இருக்கும், கீழ விழுந்தாலும் ஹார்டு டிஸ்க்கு மாதிரி படக்குனு போகாது. ஆனா எங்க சின்னவன் பொட்டில இருந்த அதே அளவு. அதே மாதிரி எடம் பத்தாம எதையாவது தூக்குவாங்க. அதே கருப்புத் திரை வரும். அதே மாதிரி ஒரு சித்தப்பா போன்ல இருப்பாரு. பொட்டியோட ஒரே ஒரு தாள் தமிழ்ல அச்சடிச்சுக் குடுத்தா என்ன கொறஞ்சு போகும்? "கருப்புத் திரை வந்தால் தகவல் அழிந்துவிட்டதாகப் பொருள் இல்லை. எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்தால் திரும்ப எடுக்க முடியாது." இந்த ரெண்டு வரி போதும். பாடத்திட்டத்துல வைங்கன்னெல்லாம் கேக்கல, அங்க வச்சா பரீச்சைல அஞ்சு மார்க்குக் கேள்வியாப் போயிரும் :-)

போன ஐப்பசில உத்தமபாளையத்துல இருந்து அக்கா மக போன் பண்ணா. வெளிய நல்ல மழை, லைன் இழுத்து இழுத்துப் பேசுது.

"மாமா, லேப்டாப்புல கருப்பா வந்து க்ரப்புன்னு நிக்குது. கடைல குடுக்கவா?"

"குடுக்காத தாயி. எதையும் தொடாத. எல் தட்டு, எஸ் தட்டு, என்டர் தட்டு. என்ன வருது, ஒன்னு விடாம படி."

"பிராக்கெட்டு எச்டி ஜீரோ... பிராக்கெட்டு எச்டி ஜீரோ கமா ஜிபிடி நாலு..."

"படி, படி."

பிராக்கெட்டு மூடற பொத்தான் எங்க இருக்குன்னு தேடவே ரெண்டு நிமிசம் ஆச்சு. மைக்ரோசாஃப்ட்னு வாசிச்சப்ப எனக்கு உள்ள என்னமோ பண்ணுச்சு. எக்ஸிட் போடச் சொன்னேன். "வந்துருச்சு மாமா, இவ்வளவுதானா?"ன்னா.

கம்பத்து வீட்டுக்கு இப்பவும் போறேன். மதினி முந்தி மாதிரிதான் சோறு போடறாங்க, அந்தப் பேச்சை யாரும் எடுக்கறதில்ல. பெரியம்மா வீடியோவுல ஒன்னே ஒன்னு, நாப்பது செகண்டு, சின்னமனூர் சித்தி வாட்ஸப்புல பழைய மெசேஜுக்குள்ள கெடந்துச்சு. திண்ணைல உக்காந்து மொச்சை உரிச்சுக்கிட்டே யாரையோ திட்டிக்கிட்டு இருக்காங்க. யாரைன்னு வெளங்கல, அண்ணன் என்னையத்தான்ங்கறாரு.